குறிக்குக் குறுக்கே

பெங்களூர் மல்லேஸ்வரம் மார்க்கெட்டில், மொச்சை போல உரித்துச் சமைக்கிற அவரைக்காயை அள்ளியதுமே அதன் தோலின் எண்ணெய் வாசனை விரல்களில் ஒட்டிக்கொண்டது. எனக்கு மறுபடி ஏழு வயதாகிவிட்டது.

காவிரிக்காகக் கலவரம் நடந்த டிசம்பர். "தமிழ்க்காரங்க வீடுங்களைக் குறி வச்சிருக்காங்களாம்" என்று அப்பா அம்மாவிடம் மெல்லச் சொன்னார். எனக்குத் தெரிந்த குறி, பொருட்காட்சியில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கி முனையைப் பலூனுக்கு நேராகப் பிடிப்பதுதான். இன்று நாங்கள்தான் பலூன் என்று புரிந்ததும் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு சாவித்ரம்மா ஒரு கூடை அவரைக்காயோடு வந்து, எங்கள் வாசற்படியில் சப்பணமிட்டு உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் கூட்டம் வந்தது.

"இது நம்ம மனேனே, ஹோக்ரப்பா!"

எங்கள் வீட்டைத் தன் வீடு என்று சொல்லி, போங்கப்பா என அவர் கன்னடத்தில் அதட்டியது கட்டிலுக்கடியில் எனக்குக் கேட்டது. கூட்டம் போய்விட்டது. இருட்டும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. வீடெல்லாம் அவரைக்காய் வாசனை.

இப்போதும் யாரையோ குறி வைத்திருப்பதாகப் பேப்பரில் படித்தால், குறுக்கே யாராவது உட்கார்ந்தார்களா என்றுதான் முதலில் தேடுகிறேன்.

கடைக்காரரிடம் இன்னொரு கிலோ போடச் சொன்னேன். சீசனின் முதல் காய் சாவித்ரம்மாவுக்குத்தான். உரிப்பது மட்டும் இப்போது நான்.