பொருக்கு உதிரும் வரை

பதினாறு வயதில் வார்த்த அம்மை, அம்சத்தின் முகத்தில் இடம் விடாமல் குழி போட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு எழுந்துபோன மாப்பிள்ளை வீடுகள் மூன்று. அறுபத்தேழில் ஆட்சி மாறிய மறுவருஷம், தை அறுவடை நேரத்தில், நன்னிலத்துக்குத் தெற்கே அவளுடைய ஊரில் பெரியம்மை கண்டது. ஹெல்த் இன்ஸ்பெக்டர் செல்லதுரை அதே முகத்தைப் பார்த்து, "இந்தம்மாதான் காவலுக்குச் சரி. ஒருதரம் வந்தவங்களுக்கு மறுபடி வராது" என்றார். முப்பது வயதில், பார்த்த மாத்திரத்தில் அவளை ஒருவருக்குப் பிடித்துப்போயிற்று.

அம்மை கண்ட வீடு இளையபெருமாளுடையது. அவன் உடம்பில் கடைசிப் பொருக்கு உதிரும்வரை யாரும் உள்ளே போகாமலும் அவனும் கூட இருக்கும் அவன் ஆத்தாவும் வெளியே வராமலும் வாசல் படலண்டை உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரில் மற்ற எல்லோருக்கும் செல்லதுரை அம்மை குத்தி முடித்தார். சாமி இல்லை என்கிற கட்சி அவர். ஆனாலும் படலில் வேப்பிலைக் கொத்தை அவரே கட்டினார். "நோட்டீஸ் ஒட்டினா படிக்க ஆளில்ல. இதைக் கண்டா நிக்காத ஆளில்ல."

இளையபெருமாள் அவளுக்கு முறைமாமன். முதலில் எழுந்துபோனது அவன் வீடுதான். பிறகு விவசாயச் சங்கம், கொடி, ஜெயில் என்று திரிந்ததில் அவனுக்கும் கல்யாணம் கூடவில்லை. அதில் அம்சத்துக்கு ஒரு ஆறுதல் இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை.

காய்ச்சல் விட்டதும் அவன் கயிற்றுக்கட்டிலில் கிடந்தபடி ஊர்ச்சேதி கேட்பான். இவள் சொல்வாள். பதினாலு வருஷம் பேசாததைப் பத்து நாளில் பேசியாயிற்று. பொருக்கு மெதுவாகவே உதிரட்டும் என்று ஒருநாள் நினைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அறுப்புக்கூலித் தகராறில் கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. ஹெல்த் இன்ஸ்பெக்டர் மிராசுதார் ஆள், தலைவர் இளையபெருமாளை வேண்டுமென்றே அடைத்துப்போட்டார் என்றது சங்கம். அம்மையே வேஷம் என்றார் மிராசுதார். நோய் கிடையாது என்பதில் மட்டும் இரண்டு தரப்பும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

தாலுக்கா ஆபீசில் பேச்சுவார்த்தைக்கு நாள் வைத்தார்கள். முந்தினநாள் காலை இளையபெருமாள் எழுந்து படலண்டை வந்தான்.

"அம்சம், நாளைக்கு ஒரு பொழுது விடு. துண்டைப் போத்திக்கிட்டுப் போய்ப் பேசிட்டு வந்துடறேன்."

"உதிரட்டும் மாமா."

"நான் போகலேன்னா சங்கத்துல எனக்கு அடுத்த ஆளு ஐயாவு போவான். நாற்காலி போட்டு உக்காருன்னு சொன்னாலே பாதிக்கு ஒத்துக்குவான்."

"அப்ப நின்னுக்கிட்டே பேசச் சொல்லி அனுப்புங்க."

சிரிப்பு வந்ததை அவன் அடக்கிக்கொண்டான். பிறகு, "விடு, உன்னையே கட்டிக்கிறேன். ஆத்தாகிட்டயும் சொல்லிட்டேன்" என்றான்.

பதினாலு வருஷமாக எந்தத் திசையிலிருந்து வரும் என்று தெரியாமல் அவள் காத்திருந்த பேச்சு. வந்தேவிட்டது. ஆனால் அதைச் சொல்லும்போது அவன் கண் அவளைப் பார்க்கவில்லை, படல் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தது. தாலுக்கா ஆபீஸ் வாசலில் இடுப்புப் பிள்ளையோடு பத்து ஊர்ச் சனம் இடித்துக்கொண்டு நிற்கும். தனக்கு வார்த்த அதே வாரம் தம்பிகள் இரண்டு பேரையும் பாயில் சுருட்டித் தூக்கிப்போனது அம்சத்துக்கு மறக்கவில்லை.

"பொருக்கு உதிர்ந்தப்புறம் கேளுங்க மாமா" என்றாள். "அப்பவும் இதே பேச்சுன்னா, நான் மாட்டேன்னு சொல்லமாட்டேன்."

அவன் போய்ப் படுத்துக்கொண்டான். அன்றிலிருந்து ஊர்ச்சேதி கேட்கவில்லை.

ஐயாவு நாற்காலியில் உட்கார்ந்தே பேசி, கேட்டதில் முக்கால்வாசி வாங்கிவந்துவிட்டான். இளையபெருமாளுக்கு அம்மையைவிட அது அதிகம் எரிந்தது.

பேச்சுவார்த்தை முடிந்த ஒன்பதாம் நாள் செல்லதுரை வந்து அவன் உள்ளங்கால்வரை திருப்பிப் பார்த்தார். சுத்தம். வேறு எந்த வீட்டிலும் ஒருவருக்கும் வரவில்லை. இளையபெருமாள் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். அவன் முகத்திலும் இப்போது குழி விழுந்திருந்தது. அம்சம் எழுந்து வழிவிட்டாள். கேட்கச் சொன்னதைக் கேட்கப்போகிறான் என்று நின்றாள்.

"வர்றேன் அம்சம். களத்துல தேடுவாங்க" என்றான்.

செல்லதுரை சைக்கிளைத் திருப்பினார். "வேலை முடிஞ்சுதும்மா. நீ வீட்டுக்குப் போகலாம்."

"போறேங்க" என்றாள். அறுத்த வயல்களின் நடுவே வரப்பில் அவன் சிறுத்துக்கொண்டே போனான். இன்றைக்குக் களத்தில் வேலை அதிகம், நாளைக்குக் கேட்பானாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படியே நின்றாள்.