அவளுக்கு மட்டும் ஒரு சினிமா

எனக்குப் பொறாமைதான். ஒளித்து என்ன ஆகப்போகிறது? பேஸ்பால் ஆட்டக்காரன் ஒருவன் மனம் பேதலித்து ஆஸ்பத்திரியில் கிடந்து தேறிவந்த கதையைச் சினிமாவாக எடுத்திருந்தார்கள். அந்த மே மாதம் எங்கள் மாசசூசெட்ஸ் மில் ஊரே கைக்குட்டையோடு தியேட்டருக்குக் கிளம்பியது. திரையில் அவன் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு வயிறு எரிந்தது. அவள் அழுவதை நாடே பார்க்கிறது. நான் ஏழு மாதம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள்.

என் புருஷன் காஸிமிர் குலெஷா, ஊருக்கு காஸ், கம்பி மில் தொழிலாளி. மில்லின் பேஸ்பால் அணிக்கு ஒன்பது வருஷம் ரைட் ஃபீல்டில், மைதானத்தின் வலது கோடியில், நின்றவர். அதற்கு முந்தின செப்டம்பரில் ஒருநாள் சமையலறை மேஜைக்கடியில் போய் உட்கார்ந்தவர் வெளியே வரவில்லை. மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ஊரில் "அவரோட மாமா பண்ணைக்குப் போயிருக்கார்" என்று சொல்லிவைத்தேன். யாரும் நம்பவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஏப்ரலில் திரும்பினார். மில்லில் வேலை கொடுத்தார்கள், அணியில் மட்டும் சேர்க்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஞாயிறுதோறும் கோட்டை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய், பெஞ்சின் ஓரமாக நின்றுவிட்டு வருவார்.

அணி மேனேஜர் லியோ கொடேயின் மனைவி ஃப்ளாரன்ஸ் எங்கள் பக்கத்து வீடு. சினிமா பார்த்த மறுநாள் துணி காயப்போட வந்தாள்.

"ஐயோ பெர்னிஸ், என்னா அழுகை அழுதேன் தெரியுமா! பாவம் அந்தப் பையன், எப்பேர்ப்பட்ட தைரியம்!"

"லியோ?"

"அதை ஏன் கேக்குற! மூக்கைச் சிந்திச் சிந்தி என் கைக்குட்டையும் போச்சு."

"அப்போ இந்த ஞாயித்துக்கிழமை காஸை ஆட்டத்துல எறக்கச் சொல்லேன்."

அவள் முகம் மாறிவிட்டது. "அது வந்து... மைதானத்துல குழந்தைங்க எல்லாம் இருப்பாங்கல்ல."

சினிமாக்காரனுக்குக் கண்ணீராம், என் காஸைக் கண்டால் பயமாம்! அந்த ஞாயிறு, எங்கள் ஆட்கள் பேட்டிங் செய்துகொண்டிருந்தபோது, என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து கத்தினேன்.

"லியோ! என் புருஷன் எந்தப் பண்ணைக்கும் போகல! ஏழு மாசம் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில இருந்தார்! காசு கொடுத்துப் போய் அழுதீங்களே, இவர் இங்க ஓசியிலதானே நிக்கிறார், இவருக்கும் கொஞ்சம் அழுங்களேன்!"

"உக்காரும்மா, ஆட்டம் நடக்குது" என்றார் லியோ, தரையைப் பார்த்தபடி. காஸின் காது மடல்கூடச் சிவந்துவிட்டது. போச்சு, இனி பெஞ்சோரம்கூட நிற்க வரமாட்டார், நானே கெடுத்துவிட்டேன் என்று என்னையே நொந்துகொண்டேன்.

அடுத்து எங்கள் அணி ஃபீல்டிங்குக்குப் போக வேண்டும். ஒன்பது பேரில் எட்டுப் பேர் போனார்கள். ரைட் ஃபீல்டர் டோஹர்ட்டி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"கால் சுளுக்கிக்கிச்சு, லியோ."

இப்போதுதான் குதிரைமாதிரி ஓடியவன்! எங்கள் ஊரில் பேட்டிங்குக்கு வரும்போது கையுறையை நின்ற இடத்திலேயே புல்லில் போட்டுவிட்டு வருவார்கள். டோஹர்ட்டி அந்தப் பக்கம் கையைக் காட்டினான்.

"காஸ், என் கிளவ் அங்கதான் கெடக்கு. உனக்குக் கொஞ்சம் இறுக்கும், பரவால்லையா?"

லியோ முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். காஸ் கோட்டைக் கழற்றி பெஞ்சில் வைத்தார். உள்ளே மில் அணியின் சீருடை, கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. அதற்கு இஸ்திரி போட்டது நான் இல்லை.