தூக்கவிடாத முயல்

மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது, விடுதி அறைக்குக் கொண்டுபோக முடியாத இரண்டை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். ஒன்று அவளுடைய கீபோர்டு. இன்னொன்று வெள்ளை முயல். கீபோர்டுக்கு உறை போட்டு அலமாரிக்கு மேலே வைத்துவிட்டோம். முயலை எங்கேயும் வைக்க முடியவில்லை. வைக்க வேண்டுமென்றால் முதலில் அதைத் தூக்க வேண்டுமே.

நாங்கள் கல்பாக்கம் குடியிருப்பில் தரைத்தள வீட்டில் இருக்கிறோம். என் கணவர் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவர். வீட்டிலும் அப்படித்தான், தோசைக்கல் சூடானதா என்பதில்கூட அவருக்கு ஒரு தீர்மானமான கருத்து இருக்கும். சிரிப்பு மட்டும் அளவாக. நான் செங்கல்பட்டில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். மகள் இருந்தவரை வீட்டில் பேச்சு ஓயாது. அவள் போனபிறகு சாப்பாட்டு மேசையில் நாங்கள் இருவரும் தண்ணீர் வேண்டுமா, மோர் வேண்டுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். மேசைக்கு அடியில் முயல் ஓடிக்கொண்டிருந்தது.

முயலைப் பார்த்தால் தூக்கத் தோன்றும். பஞ்சு மூட்டை மாதிரி உட்கார்ந்து மூக்கை ஆட்டும். ஆனால் விலாவுக்குப் பக்கத்தில் கை போனதோ இல்லையோ, பின்னங்காலால் ஓர் உதை. அப்புறம் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, தரையில் காலைத் தொப்பென்று அடித்து எங்களைத் திட்டும்.

கணவர் இதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டார். முதலில் தோட்டக் கையுறை போட்டுக்கொண்டு முயன்றார். பிறகு துண்டை விரித்து, கடலில் வலை வீசுகிறவர் போல வீசினார். துண்டு போய் மிக்சி மேல் விழுந்தது. ஒருநாள் கூடத்தில் முயலுக்குப் பின்பக்கமாகச் சத்தமில்லாமல் தவழ்ந்து போனார். முயல் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவர் போன வேகத்திலேயே முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது. முழங்கையில் நீளமாக ஒரு கீறல் வாங்கிக்கொண்டு அலுவலகம் போனவர், கேட்டவர்களிடம் ரோஜா முள் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் ரோஜாச் செடியே கிடையாது.

இப்படியே விட்டிருப்போம். ஆனால் முயலுக்கு நகம் வளர்ந்துவிட்டது. ஒருநாள் முன்னங்கால் நகம் பாயில் மாட்டிக்கொள்ள, பாயையும் இழுத்துக்கொண்டு கூடம் முழுக்க ஓடியது. மகள் போனில் பதறினாள்.

"அம்மா, உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் நகம் வெட்டிடுங்க. தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில, ஒரு கை பின்பக்கத்துக்கு அடியில. கால் தொங்கவே கூடாது. அப்படியே நெஞ்சோட சேத்து அணைச்சுக்கணும். காதைப் பிடிச்சுத் தூக்கிடாதீங்க!"

"காதைத் தொடுறதுக்கே அது விடணுமேடி," என்றேன்.

எனக்கு விடுமுறையான ஒரு சனிக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன்பே காய்கறிக் கூடைக்குள் கொத்தமல்லிக் கட்டு ஒன்றைப் போட்டு, கூடையைக் கூடத்தில் பக்கவாட்டில் படுக்கவைத்தோம். முயல் மோப்பம் பிடித்து உள்ளே போனது. கணவர் கூடையை நிமிர்த்த, நான் துண்டால் மூடிக் கட்டினேன். இருவரும் கையில் கை தட்டிக்கொண்டோம். கல்யாணமானதிலிருந்து அப்படித் தட்டிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

செங்கல்பட்டில் இருக்கும் கால்நடை டாக்டரிடம் போக, எனக்கு வழக்கமாக வரும் ஆட்டோக்காரர்தான் அன்றைக்கும் வந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டி, செங்கல்பட்டு ரோட்டில் காற்று முகத்தில் அடிக்கப் போய்க்கொண்டிருந்தோம். கூடை என் மடியில். உள்ளே கொத்தமல்லி மெல்லும் சத்தம் நின்றது. நான் கட்டிய முடிச்சு எப்போது அவிழ்ந்தது என்று தெரியவில்லை. முன்னாலிருந்து ஆட்டோக்காரர் அலறினார்.

"யம்மா! என் கால்ல இன்னாவோ மெத்துனு கீதும்மா!"

"ஐயோ, முயலு! மிதிச்சுடாதீங்க!"

"மிதிக்காம எப்டிம்மா பிரேக்கு புடிக்கறது? அதும்மேலதான் குந்திகினு கீது!"

ஆட்டோ ஓரமாக உருண்டு, தானாக வேகம் குறைந்து, ஒரு தர்பூசணிக் கடைக்குப் பக்கத்தில் நின்றது. முயல் ஒரே தாவலில் இறங்கிக் கடைக்குள் ஓடியது. கடை என்றால் மேலே ஒரு தார்ப்பாய், கீழே கல் முட்டுக்கொடுத்த பலகை, அதன்மேல் பழக்குவியல். கடைக்காரப் பெண் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"பெருச்சாளி! பெருச்சாளி!"

"பெருச்சாளி இல்லம்மா, முயலு," என்றார் கணவர்.

அவள் குனிந்து பார்த்தாள். "ஆமா, காது கீது. இன்னா சார் இது, ஆட்டோலல்லாம் கூட்டிகினு வர்றீங்க?"

கணவர் பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். பிறகு அந்தச் செம்மண் தரையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு குப்புறப் படுத்தார். தலையும் தோளும் பலகைக்கு அடியில் போய்விட்டன. வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன. உள்ளேயிருந்து, மேலதிகாரியிடம் பேசுவது போல ஒரு குரல் வந்தது.

"வாங்க. ஒண்ணும் பண்ண மாட்டோம். வெளிய வாங்க."

ஆட்டோக்காரர் குனிந்து கேட்டார். "சார், அதுக்கு எதுக்கு சார் இம்மாம் மருவாதி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திப் பார்த்தேன், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் நீர் வழிகிறது. பிறகு அவருடைய கால்கள் குலுங்க ஆரம்பித்தன. அவரும் சிரிக்கிறார்! சத்தமாக, மூச்சு வாங்க. முதுகு இடித்ததில் பலகை ஆட, உச்சியிலிருந்த பழம் ஒன்று உருண்டு இறங்கி ரோட்டை நோக்கிப் போனது. "வுடாத, வுடாத, புடி!" என்று கடைக்காரப் பெண் ஸ்டூலிலிருந்தபடியே கத்த, ஆட்டோக்காரர் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார். எதிரே வந்த பஸ்ஸின் ஜன்னல்களில் எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. அதைப் பார்த்து எனக்கு இன்னும் சிரிப்பு.

"மூச்சு வுடுக்கா, முதல்ல இத்த துன்னு," என்று இறங்கி வந்த கடைக்காரப் பெண் ஒரு கீற்றை என் கையில் திணித்தாள். நான் தின்னவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு விக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் முழங்கால் பக்கம் ஒரு மூக்கு தெரிந்தது. முயல் பலகைக்கு அடியிலிருந்து வந்து, கீற்றின் பச்சைத் தோலைக் கடித்தது. இன்னும் ஒரு கடி. பிறகு முன்னங்கால்கள் இரண்டையும் என் மடிமேல் தூக்கி வைத்தது.

ஒருவரும் அசையவில்லை. ஆட்டோக்காரர் பழத்தைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்தேன். இன்னொரு கையைப் பின்பக்கத்துக்கு அடியில். கால் தொங்காமல் அப்படியே அணைத்துக்கொண்டேன். உதை வரும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை. என் முழங்கை மடிப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதன் இதயம் என் விரல்களில் படபடவென்று அடித்தது. என்னுடையதும்தான்.

"தூக்கிட்டேங்க," என்றேன், காற்று மாதிரி.

"தெரியுது. பேசாத," என்றார் அவர், தாடையெல்லாம் மண்ணோடு.

செங்கல்பட்டு வரைக்கும் அது என் கையில்தான் இருந்தது. நான் அசையவே இல்லை. மூக்கு அரித்தபோது கணவர்தான் சொறிந்துவிட்டார். டாக்டர் சின்ன வயசுப் பெண். முயலைத் துண்டில் சுற்றி, ஒவ்வொரு காலாக வெளியே எடுத்து, பேசிக்கொண்டே நகத்தை வெட்டி முடித்துவிட்டார்.

"உங்கமேல கோவம் இல்ல ஆன்ட்டி," என்றார். "தரையிலேர்ந்து காலு எழும்பினாலே, பருந்து தூக்கிட்டுப் போகுதுன்னுதான் இதுக்குப் படும். அவசியம் இல்லாம தூக்காதீங்க. நீங்க கீழ உக்காருங்க, அதுவே வரும்."

திரும்பும்போது ஆட்டோவில் யாராவது ஒருவர் "வெளிய வாங்க" என்று சொல்ல, மூன்று பேரும் மறுபடி மறுபடி சிரித்தோம். வீட்டுக்கு வந்து அவர் சட்டையைக் கழற்றி உதறியபோது குளியலறை முழுக்கச் செம்மண். அந்தக் கறை போகவில்லை. போகவேண்டும் என்று நான் பெரிதாகத் தேய்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகு முயல் தன்னைத் தூக்க விட்டதா என்றால், இல்லை. நாங்களும் கேட்பதில்லை. நாங்கள்தான் கீழே இறங்கிவிட்டோம். சாப்பாட்டு மேசையில் இப்போது துவைத்த துணி மடித்து வைத்திருக்கிறது. தட்டோடு தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம், பேசுகிறோம். கணவர் காலையில் குப்புறப் படுத்துக்கொண்டு பேப்பர் படிக்கிறார். போன வாரம் ஒருநாள் முயல் அவர் முதுகில் ஏறி, காதை மடித்துப் படுத்துக்கொண்டது. வெளியே அலுவலக பஸ் ஹாரன் அடித்தது.

"என்னங்க, பஸ் போயிடும்."

"போகட்டும்," என்றார் அவர், தலையைக்கூடத் திருப்பாமல். "தூங்குது."