எண்ணெய் மாற்றிய காலை

என் அண்ணன் தன் காரில் வேறு யாரையும் கை வைக்க விடமாட்டார். மலையில் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய பழைய கறுப்புக் கார் அது. ஐம்பதுகளின் நடுவில் போடியில் சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் ரொம்பக் குறைவு. அவர்களும் சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் டிரைவரும் மெக்கானிக்கும் அண்ணன்தான். எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். நாங்கள் இருவரும் சேர்ந்து ஏலக்காய்க் கடை நடத்தினோம். வீட்டின் பின்பக்கமே சரக்கு வைக்கிற கிட்டங்கி. அங்கே காய் பொறுக்கித் தரம் பிரிக்க ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். அவர்களுக்கு மேற்பார்வை மதினி. அவர் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன, பிள்ளை இல்லை.

மலை உச்சியில் இருக்கும் மெட்டுக்கு ஏறி இறங்குகிற வண்டிக்கு எண்ணெய் சீக்கிரம் கெட்டுவிடும். வளைவுக்கு வளைவு முதல் கியரில் முக்கிக்கொண்டு ஏற வேண்டும். பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்துவிடும். இறங்கி வந்ததும் அண்ணன் என்ஜினில் செருகியிருக்கும் அளவுகோலை உருவி, எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார். "சாராயம் கணக்கா ஓடுதுடா, மாத்தணும்" என்பார். பட்டறைக்கு விடுங்களேன் என்றால் கேட்கமாட்டார். பட்டறைக்காரன் பழைய எண்ணெயையே துணியில் வடிகட்டித் திரும்ப ஊற்றிவிடுவான் என்று அவருக்கு ஒரு சந்தேகம். அதனால் கிட்டங்கிக்கும் கிணற்றுக்கும் நடுவே இருந்த மண்தரையில்தான் அந்த வேலை நடக்கும். ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, அச்சுக்குக் கீழே இரண்டு பக்கமும் கருங்கல் அடுக்கிவிட்டு, அண்ணன் சாக்கை விரித்து உள்ளே படுத்துக்கொள்வார்.

அது ஐப்பசி. ராத்திரி பெய்த மழை விடிந்த பிறகுதான் விட்டிருந்தது.

"அண்ணே, தரை ஈரமாக் கெடக்கு. இன்னொரு நாள் பாத்துக்கலாமே" என்றேன்.

"நாளைக்கு மேல போயாகணும்டா. காய் அங்க மூட்டை மூட்டையாக் கெடக்கு. பலகையப் போட்டு அதுக்கு மேல கல்ல வச்சா ஒண்ணும் ஆகாது. வெரசா அந்தத் தகரத்தக் கொண்டா."

பலகையையும் கல்லையும் அவரே வைத்தார். இரண்டு கையாலும் வண்டியை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். எண்ணெய்த் தொட்டியின் அடியில் இருந்த நட்டைக் கழற்றினார். தகரத்தில் எண்ணெய் கன்னங்கரேலென்று விழுந்தது. வடிந்து முடியக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் நான் மேலிருந்து பில்ட்டரைக் கழற்றி, உள்ளே இருந்த துணி உறையைப் பெட்ரோலில் அலசக் கிணற்றடிக்குப் போனேன். புது உறை மதுரையில்தான் கிடைக்கும். அதனால் இருப்பதையே கழுவிக் கழுவிப் போடுவோம்.

பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. யாரோ மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். காரின் முன்பக்கம் தாழ்ந்திருந்தது. ஒரு பக்கத்துப் பலகை சேற்றில் வழுக்கி வெளியே வந்து கிடந்தது. அண்ணனுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு கால் தரையை உதைத்துக்கொண்டிருந்தது.

நான் ஓடிப் போய் பம்பரைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. என்ன கத்தினேன் என்று தெரியாது. அடுப்படியில் இருந்து வந்த மதினி என் பக்கமே வரவில்லை. நேரே கிட்டங்கிக்குள் ஓடினார். "எல்லாரும் எந்திரிச்சு வாங்கடி! முதலாளி வண்டிக்கு அடியில கெடக்காரு!" என்று அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். மடியில் இருந்த காய் சிதற அந்தப் பெண்கள் ஓடி வந்தார்கள். பம்பரையும் மட்கார்டையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். வண்டி எழும்பியது. நான் கால்களைப் பிடித்து அண்ணனை வெளியே இழுத்தேன்.

ரத்தம் அதிகம் இல்லை. அதைப் பார்த்து ஒரு நிமிஷம் நம்பிக்கைகூட வந்தது. ஆனால் உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சின் ஒரு பக்கம் எழும்பாமல் உள்ளே போனது.

பக்கத்துத் தெரு டாக்டர் ஓடி வந்தார். தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூட்டிப் போனார். "விலா எலும்பு நொறுங்கியிருக்கு. நுரையீரல்ல குத்தியிருக்கும்போலத் தெரியுது. இங்க வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. மதுரைக்குக் கொண்டு போங்க, இப்பவே" என்றார்.

எதில் கொண்டு போவது? ரயில் காலையிலேயே போய்விட்டது. காய் எடுக்கிற காலம் என்பதால் ஜீப்புகள் எல்லாம் மலையில் இருந்தன. கார் வைத்திருந்த இரண்டு வீடுகளுக்கு ஆள் ஓடியது. ஒரு கார் வெளியூர் போயிருந்தது, இன்னொன்றுக்கு டிரைவர் இல்லை, கிளப்பவும் முடியவில்லை. இதைக் கேட்டுவிட்டு மதினி எங்கள் காரைப் பார்த்தார்.

"இது ஓடாதா தம்பி?"

"எண்ணெயே இல்ல மதினி. எல்லாம் வடிச்சாச்சு."

"புது டின்னு இருக்குல்ல? ஊத்துங்க."

ஊற்றுவதற்கு முன் அடியில் நட்டைப் போட வேண்டும். தகரத்தில் கைவிட்டுத் துழாவினேன், இல்லை. சேற்றில் தேடினேன், இல்லை. அண்ணனின் வலது கை மூடியிருந்ததை மதினிதான் பார்த்தார். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையில் பதிந்திருந்த நட்டை எடுத்துத் தன் சேலையில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கினேன். ஆனால் காருக்கு அடியில் போக என் உடம்பு மறுத்தது. ஜாக்கி சாய்ந்து கிடந்தது. அதை மறுபடி வைக்க எனக்குத் துணிவில்லை. வெளியில் இருந்து கையை நீட்டிப் பார்த்தேன், எட்டவில்லை. எண்ணெய்க் கையில் நட்டு வழுக்கிச் சேற்றில் விழுந்தது.

பொறுக்குகிற பெண்களில் மூத்தவள் ராசிங்காபுரத்துக்காரி. அவள்தான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். "நாங்க தூக்கிப் பிடிக்கிறோம் அப்பு. நீ உள்ள போ. விட மாட்டோம்."

எல்லோரும் மறுபடி பிடித்தார்கள், மதினியும் சேர்ந்து. நான் நட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு மல்லாந்து உள்ளே நகர்ந்தேன். அண்ணன் கிடந்த சாக்கு இன்னும் அங்கேயே இருந்தது. தலைக்கு மேலே என்ஜின். ஒரு பக்கம் வரிசையாகப் பெண்களின் பாதங்கள், மண்ணில் புதைந்து நடுங்கிக்கொண்டு. யாரோ மூச்சு முட்ட முனகினாள். "பேசாதடி, பிடி" என்று மதினி அதட்டியது கேட்டது. மிச்சம் மீதி எண்ணெய் என் முகத்தில் சொட்டியது. மரை முதலில் கோணலாக ஏறியது. கழற்றி மறுபடி வைத்தேன். இரண்டாவது தடவை சரியாகப் பிடித்தது. ஸ்பானரால் இறுக்கிவிட்டு நான் வெளியே வந்த பிறகுதான் அவர்கள் விட்டார்கள். விட்டதும் ஒருத்தி அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

அலசிய உறையைப் போட்டு பில்ட்டரை மூடி, டின்னை அப்படியே கவிழ்த்தேன். கார் கிளம்பியது. பின் சீட்டில் மதினி மடியில் தலை வைத்து அண்ணனைச் சாய்த்தோம்.

தேனி தாண்டும்வரை அண்ணனுக்கு நினைவு இருந்தது. மூச்சுக்கு நடுவே, "முள்ளு நிக்குதாடா?" என்று கேட்டார். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளைச் சொல்கிறார்.

"நிக்குதுண்ணே."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே கேள்வி. மறுபடி அதே பதில். உண்மையிலேயே நின்றது, ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஆண்டிபட்டிக் கணவாய் வந்தபோது கேள்வி நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்க்க வேகத்தைக் குறைத்தேன். "மூச்சு இருக்கு, நீங்க ரோட்டப் பாருங்க" என்றார் மதினி.

பெரியாஸ்பத்திரியில் அண்ணன் சில நாள் இருந்தார். காரைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் கேட்டார். கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், மதினி துணியை நனைத்து அவர் உதட்டில் ஒற்றிக்கொண்டே இருந்தார். ஒரு விடியற்காலையில் நான் காப்பி வாங்கிக்கொண்டு திரும்பினேன். மதினி அந்தத் துணியை மடித்துக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

அதே காரில்தான் அண்ணனை ஊருக்குக் கொண்டு வந்தோம். போனபோது இருந்த மாதிரியே மதினி பின்னால் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். உசிலம்பட்டியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பக்கத்தில் நின்ற வண்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "உடம்புக்கு முடியலையாத்தா?" என்று கேட்டார். மதினி "ஆமா" என்றார்.

காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்தக் காரை வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொன்னார்கள். மதினி சம்மதிக்கவில்லை. "மேல இருந்து காய எதுல கொண்டாருவீங்க? அது என்ன பண்ணுச்சு பாவம், பலகை வழுக்குச்சு" என்றார். அவர் அப்படிச் சொன்னது பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்குமே அன்றைக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் கடை திறந்ததும் அந்தக் காரைத்தான் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். வேறு வழி இருக்கவில்லை.

மறுபடி எண்ணெய் மாற்ற வேண்டிய நேரம் வந்தது. நான் லாரிப் பட்டறைக்குக் கொண்டு போய் விட்டேன். அங்கே தரையில் குழி வெட்டி, அதன் மேல் வண்டியை நிறுத்தி, ஆள் குழிக்குள் நின்று வேலை செய்வார். பட்டறைக்காரர் ஸ்பானரோடு உள்ளே இறங்கியதைப் பார்த்தேன். வெளியே போய் ரோட்டோரமாக நின்றுகொண்டேன்.

அப்போது மதினி வந்தார். நான் எங்கே போகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கவில்லை. கடையில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். என்னைத் தாண்டி உள்ளே போனார். லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. குழியின் ஓரத்தில் போய் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நட்டைப் போட்டு இறுக்குகிற சத்தம் கேட்டது. பட்டறைக்காரர் ஏறி மேலே வந்து கையைத் துடைத்தார்.

"வந்துட்டீங்களாண்ணே?" என்றார் மதினி.

"வந்துட்டேன்மா. எதுக்குக் கேக்குறீங்க?"

மதினி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிட்டங்கிக்குத் திரும்பி நடந்தார்.