செல்லக்கிளி தைத்த இதயம்

ஷம்ஸியா ஆற்றில் வாழும் மட்டிச் சிப்பிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சனிக்கிழமை தோறும் அவளும் உடன் படிக்கும் ஜெனிஷும் அம்பாசமுத்திரம் பஸ் ஏறிப் போய், பக்கத்துக் கிராமத்து நடுநிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் சில வாரங்கள் படம் காட்டிப் பேசினார்கள். பிள்ளைகள் அதை அப்படியே வரைந்துவிட்டுக் கொட்டாவி விட்டார்கள்.

"கையால தொடாம என்னத்த வெளங்கும்?" என்று ஜெனிஷ் சலித்துக்கொண்டான்.

ஷம்ஸியாவின் வாப்பாவுக்கு மேலப்பாளையத்தில் கறிக்கடை. மறுவாரம் கீறல் படாத ஆட்டு இதயங்கள் சிலவற்றை ஐஸ் போட்டுக் கட்டிக்கொடுத்தார்.

ஏழாம் வகுப்பில் முதலில் ஒரே கூச்சல். பிறகு ஆளாளுக்கு முண்டியடித்தார்கள். செல்லக்கிளி என்ற பெண் மட்டும், அறுத்துத் திறந்த இதயத்தின் இரண்டு பக்கத்தையும் பிரிக்கும் நடுச்சுவரை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, எந் தம்பிக்கு இதுல ஓட்டை இருக்காம். பெரியாஸ்பத்திரில ஆப்பரேசன் பண்ணணும்னு சொல்லுதாவ. அம்மா பயந்துக்கிட்டு விட மாட்டேங்கா. ஓட்டையத் தைக்க முடியுமாக்கா?"

ஷம்ஸியா தட்டிலிருந்த இதயத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"தச்சுத்தான் பாப்பமே," என்றாள்.

நடுச்சுவரில் கத்தி நுனியால் துளை போட்டாள். இடப்பக்கம் ஊற்றிய தண்ணீர் வலப்பக்கம் கசிந்தது. தையல் டீச்சரிடம் ஊசி நூல் வாங்கிச் செல்லக்கிளி தைத்தாள். மறுபடியும் கசிந்தது. பிரித்து, நெருக்கமாகத் தைத்தாள். இம்முறை ஒரு சொட்டும் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவளுடைய அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"வாரம் பூரா இவ இதையேதான் பேசுதா. நீங்க டாக்டராம்மா?"

"இல்லக்கா. நான் மட்டியப் பத்திப் படிக்கேன். இது செத்த ஆட்டோடது. உசுரோட இருக்க பிள்ளைக்குச் செய்யுதது வேற. டாக்டருட்டதான் கேக்கணும். நானும் கூட வாரேன்."

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அம்மாவே கேட்டாள்: "எப்படித் தைப்பீய சார்? கசியுதான்னு பாப்பீயளா?" டாக்டர் தாளில் வரைந்து பொறுமையாகச் சொன்னார். அவள் ஆப்பரேசனுக்குச் சம்மதித்துத் தலையாட்டினாள்.

ஆப்பரேசன் அன்று ஷம்ஸியாவும் வெளியே காத்திருந்தாள். வகுப்பில் விளையாட்டுப் போலச் செய்தது இவ்வளவு தூரம் வந்துவிட்டதே, ஏதாவது ஆகிவிட்டால் என்று பயந்தாள்.

பையன் பிழைத்துக்கொண்டான். இப்போது அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். கேட்காதவர்களுக்கும் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுகிறான்.