வாசலில் ஜோடி சேர்ந்த செருப்புகள்

சபையில் சாட்சி சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். ஆனால் முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டவருக்கு அது புதிதல்ல.

என் மகள் கிருபாவுக்கு ஐந்து வயது. இன்னும் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்றார் டாக்டர். போன ஜூனில் எங்கள் வீடு இருக்கும் லிங்கராஜபுரத்திலேயே ஒரு பள்ளியில் சேர்த்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் கற்றல் திட்டம் போடுவோம் என்று வாய் நிறையச் சொன்னார்கள். ஆகஸ்டில் கையெழுத்துக் கேட்டு ஒரு தாளை நீட்டினார்கள். பெயர் இருந்த இடத்தில் வைட்னர் பூசி, மேலே கிருபா என்று எழுதியிருந்தது. சுரண்டினேன். அடியில் யாரோ ஒரு பையனின் பெயர். முதல் வரியே, சக்கர நாற்காலியைத் தானே தள்ளப் பழக்குவது. என் மகள் மாடிப்படியில் ஓடுகிறவள்.

"எல்லா ஸ்பெஷல் பசங்களுக்கும் இதேதான் மேடம். சும்மா ஃபைலுக்கு. சைன் பண்ணுங்க" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுத்தேன். கையெழுத்து இல்லாவிட்டால் அடுத்த மாதம் இடமும் இல்லை என்றார்கள்.

அன்று சமையலறையில் நான் ஜெபிக்கவில்லை, சண்டை போட்டேன். "இவளைப் பேச வையும் என்று இனி கேட்க மாட்டேன். இவளை இவளாகப் பார்க்க ஒரே ஒரு ஆளை அனுப்பும்" என்றேன்.

பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பள்ளிக்குப் புதிதாக வந்த ஸ்பெஷல் டீச்சர் நூர்ஜஹான், கையெழுத்து விஷயமாகப் பேச வந்தார். உள்ளே பாட்டு நடக்கிறது. வாசலில் கிருபா வழக்கம்போல எல்லார் செருப்பையும் ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். அசிங்கம் என்று அந்தக் கையை எத்தனை முறை தட்டிவிட்டிருக்கிறேன். அன்றும் தட்டிவிட ஓடினேன்.

டீச்சர் என்னைத் தடுத்தார். "இருங்க அக்கா. இருபது ஜோடி, ஒண்ணுகூட மாறல. இவ ஒரு நிமிஷம் உக்கார மாட்டாள்னு ஸ்கூல் ஃபைல்ல எழுதி வெச்சிருக்காங்களே, யார் பார்த்து எழுதுனாங்க?"

பள்ளிக்காரர்களை அத்தனை திட்டிய நானும் பார்க்கவில்லையே. அங்கேயே அழுதேன். டீச்சர் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

புதுத் திட்டம் செருப்பில் தொடங்கியது. பிறகு சாக்ஸ், பிறகு படங்கள். போன வாரம் தண்ணீர் டம்ளர் படத்தை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். ஐந்து வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம். எனக்கு விசுவாசம் பத்தாததால்தான் பிள்ளை பேசவில்லை என்று இதே சபையில் சொன்னவர்களுக்கும் இதையே பதிலாகச் சொல்கிறேன்.

உங்கள் பிள்ளைக்கு யாராவது வைட்னர் பூசிய தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். ஆண்டவரிடம் போய்ச் சண்டை போடுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வெளியே போகும்போது உங்கள் செருப்பு ஜோடியாக இருக்கும். அதைத் தொட்ட கைக்காக ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.