ஒரே ஒரு கேம்

கொழும்பில் நடந்த அந்தத் தொழில்முறை டெனிஸ் போட்டியில், தகுதிகாண் சுற்றோடு என் கதை முடிந்துவிடும் என்று எனக்கே தெரியும். திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, பின்னேரங்களில் கிளப்பின் புற்றுமண் தரையில் பந்தடித்தவன் நான். வெல்வதெல்லாம் பெரிய கதை. முட்டை வாங்காமல் வரவேண்டும், ஒரு கேமாவது எடுக்கவேண்டும், அவ்வளவுதான் ஆசை. எங்கள் ஊர் அன்புவழிபுரம் முழுக்கப் பெருமையடித்துவிட்டல்லவா பஸ் ஏறியிருந்தேன்!

யுத்த காலம். தனியே விட மனமில்லாமல் அப்பாவும் கூட வந்திருந்தார். சாப்பாட்டுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, வேலியோரம் இருந்து ஒவ்வொரு புள்ளியையும் விரல் மடித்து எண்ணினார். எதிரில் ஆடிய சிங்களப் பையன் முதல் செட்டை ஆறுக்குச் சைபர் என்று துடைத்தெடுத்தான். அதில் எனக்கு மனக்குறை இல்லை. என்னைவிடக் கெட்டிக்காரன்.

செட் முடிந்த இடைவேளையில் இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். நாங்கள் தமிழில் கதைத்ததை யாரோ கேட்டுச் சொல்லியிருக்கவேண்டும். அத்தனை பேரும் பார்க்க, வியர்வை வழியக் கைகளை உயர்த்தி நின்றேன். பக்கத்தில் அப்பா. பார்சலை அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்தார். ஒருவன் தடியால் சோற்றைக் கிளறிப் பார்த்தான். பிறகு எங்களை விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பையன் துவாயால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

அடுத்த செட்டின் முதல் கேம் அவனுடைய சேர்வ். பந்து நெட்டில் விழுந்தது. அடுத்ததும் நெட்டில். கேம் முடியும்வரை ஒரு பந்துகூட என் பக்கம் வரவில்லை. அதுவரை கோட்டை உரசி அடித்தவனுக்குத் திடீரென்று நெட்டைத் தாண்டத் தெரியாமல் போய்விட்டதா? எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உன் பிச்சை எனக்கு வேண்டாமடா என்று மட்டையை எறிந்திருக்கவேண்டும். ரோசமெல்லாம் எங்கே போனதோ, மட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கம் மாறினேன். கடந்து போகையில் அவன் நிலத்தைப் பார்த்தான். நானும்தான். மீதி ஆறு கேமையும் ஒழுங்காக ஆடி எடுத்துக்கொண்டான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, அந்தக் கேம் அவன் விட்டுத்தந்தது என்று அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார்.

வாசலிலேயே அம்மா என்ன மாதிரி என்று கேட்டா. நான் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தேன்.

“தோத்துப்போனான். ஆனா ஒரு கேம் எடுத்தவன்,” என்றார் அப்பா. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, “உண்மையா எடுத்தவன்,” என்றார்.

அம்மா சந்தேகப்படவேயில்லை. வெட்கத்தில் நிமிர ஏலாமல், கழற்றின சப்பாத்தின் நாடாவை நான் திரும்பவும் அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.